கிண்ணம் மைதானத்தில், கணக்கு லாயத்தில்

எனது தங்கையின் மகன் டுபாயில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறார். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் அங்கு போயிருந்த சமயம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, "மாமா, வாங்க ஒரு மெட்ச் பார்க்கப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். கிரிக்கெட்டாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் பென்னம் பெரிய புல் மைதானம். அதில் எட்டுப் பேர் குதிரை மேல் இருந்துகொண்டு, நீண்ட தடியால் ஒரு சிறிய வெள்ளைப் பந்தை அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். அதுதான் போலோ என்றார் மருமகன்.

சனங்கள் எல்லாம் பந்தைப் பார்த்தார்கள். எனது கண் மைதானத்தின் பின்பக்கம் போனது. அங்கே வரிசையாகக் குதிரைகள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள். ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார். ஒருவர் காலுக்குத் துணி சுற்றுகிறார். இன்னொருவர் சேணம் மாட்டுகிறார். அப்பால் பெரிய லொறிகள் நிற்கின்றன. எண்ணிப் பார்த்தேன். விளையாடுவது எட்டுப் பேர். குதிரைகளோ ஐம்பதுக்கு மேல். வியாபாரியின் வாயிலிருந்து வரக்கூடிய கேள்விதான் எனது வாயிலிருந்தும் வந்தது: "மகன், இதில் லாபம் எங்கே இருக்கு?"

மருமகன் சிரித்தார். "மைதானத்தில் இல்லை மாமா" என்றார்.

அந்தப் பதிலை நான் அன்று முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. பிறகு அந்த விளையாட்டைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். ஒன்பது வருடங்களுக்கு முன்னர் எனது கடையில் நான் விட்ட பிழை அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பணக்காரர்களின் விளையாட்டில் நமக்கு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பணக்காரர் பணத்தை எப்படிச் செலவு செய்கிறார் என்று பார்ப்பதும் வியாபாரப் படிப்புத்தான்.

நமக்கு அந்நியமான விளையாட்டல்ல

முதலில் ஒரு விடயம். இதை வெள்ளைக்காரரின் விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பாரசீகத்தில் 'சௌகான்' என்ற பெயரில் இது பல நூற்றாண்டுகள் விளையாடப்பட்டது. ஈரானில் இஸ்பஹான் நகரின் பெரிய சதுக்கத்தில் ஷா அப்பாஸ் காலத்துக் கல் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. அவை இந்த விளையாட்டின் கோல் கம்பங்கள். டில்லி சுல்தான் குத்புத்தீன் ஐபக் 1210ஆம் ஆண்டு லாகூரில் இதை விளையாடும்போது குதிரையிலிருந்து விழுந்துதான் மரணமானார். ஆங்கிலேய அதிகாரிகளும் தேயிலைத் தோட்டத் துரைமாரும் மணிப்பூர் மக்களிடம் இதைக் கற்றுக்கொண்டு, 1859இல் அஸ்ஸாம் பக்கம் சில்ச்சாரில் கழகம் அமைத்தார்கள். அங்கிருந்து இங்கிலாந்து, பிறகு ஆர்ஜென்டீனா, அமெரிக்கா என்று பரவியது.

இன்று மேல்மட்டப் போலோ பெரும்பாலும் தொடராகவே நடக்கிறது. ஆர்ஜென்டீனாவில் டோர்டுகாஸ், ஹர்லிங்ஹாம், பலெர்மோ என்ற மூன்று சுற்றுப்போட்டிகள் சேர்ந்தது 'மும்மகுடம்'. இதில் பலெர்மோவில் நடக்கும் ஆர்ஜென்டீனத் திறந்த போட்டி 1893ஆம் ஆண்டு ஆரம்பமானது. உலகில் இதைவிடப் பெரிய போலோ கிண்ணம் இல்லை என்பார்கள்.

அமெரிக்கா 2019இல் இதே மாதிரி ஒரு தொடரை ஆரம்பித்தது. பெயர் 'கோன்ட்லட் ஒப் போலோ'. புளொரிடா மாநிலத்தில் வெலிங்டன் என்ற ஊரில், சி.வி. விட்னி கிண்ணம், தங்கக் கிண்ணம், அமெரிக்கத் திறந்த போட்டி ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. திறந்த போட்டி 1904இலிருந்து இருப்பது. மற்ற இரண்டும் பிறகு வந்தவை. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் 2019இல் செய்த புதிய ஏற்பாடு.

பத்து இலட்சம் டொலரின் கணக்கு

இப்போது பரிசுப் பணத்தைப் பாருங்கள். தொடர் ஆரம்பித்தபோது அறிவித்தது மொத்தம் பத்து இலட்சம் அமெரிக்க டொலர். முதற் கிண்ணத்துக்கு 125,000. தங்கக் கிண்ணத்துக்கு 125,000. திறந்த போட்டிக்கு 250,000. கூட்டிப் பார்த்தால் ஐந்து இலட்சந்தான் வருகிறது. மீதி ஐந்து இலட்சம் எங்கே? ஒரே அணி மூன்றையும் வென்றால் மட்டும் கிடைக்கும் மேலதிகப் பரிசு அது.

பத்து இலட்சம் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும். ஆனால் அதில் பாதி கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் மூன்று இறுதிப் போட்டிகளைப் பொறுத்தது. ஒரு கிண்ணம் கைதவறினால், பரிசு கொடுப்பவரின் பெட்டியில் ஐந்து இலட்சம் மிஞ்சும்.

நமது கடைகளுக்கு இது புதிய விடயமா? கம்பனிக்காரர் வருகிறார். "ஹாஜியார், இந்த மூன்று மாதத்தில் இவ்வளவு சாமான் எடுத்தால் மலேசியாப் பயணம்" என்கிறார். முதல் மாதம் இலகுவாக எடுத்துவிடுவோம். இரண்டாம் மாதம் கொஞ்சம் முக்கி எடுப்போம். மூன்றாம் மாதம், பயணம் கைதவறிவிடுமே என்று, விற்கமுடியாத சாமானையும் எடுத்துக் களஞ்சியத்தில் அடுக்குவோம். பயணம் நாலு நாள். அந்தச் சாமான் தூசு பிடித்துக் கிடப்பது நாலு வருடம். நானும் ஒருமுறை இப்படிப் போய்வந்தவன்தான். இலவசப் பயணம் என்று போன அந்தப் பயணத்துக்கு, வட்டியையும் சேர்த்துப் பார்த்தால், எனது சொந்தப் பணத்தில் இரண்டு தடவை போய் வந்திருக்கலாம்.

மேலதிகப் பரிசை அறிவிப்பவர் முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் அறிவிக்கிறார். அதை வாங்கப் போகும் நாமும் முதலிலேயே கணக்குப் போடவேண்டும். எனது கருத்து இதுதான்: மேலதிகப் பரிசு இல்லாவிட்டாலும் இந்த வியாபாரம் எனக்குக் கட்டுமா என்று பாருங்கள். கட்டும் என்றால் இறங்குங்கள். பரிசு கிடைத்தால்தான் கட்டும் என்றால், நீங்கள் செய்யப்போவது வியாபாரம் அல்ல.

அதே முதல் ஆண்டில், 2019 ஏப்ரலில், மருமகன் டெலிபோன் எடுத்தார். "மாமா, ஓர் அணி மூன்றையும் அடிச்சிட்டுது" என்றார். 'பைலட்' என்ற அணி. கர்டிஸ் பைலட் என்ற தொழிலதிபரின் அணி அது. ஆர்ஜென்டீனாவின் பியெரெஸ் சகோதரர்கள் அதில் விளையாடினார்கள். பத்து இலட்சம் டொலரும் போய்ச் சேர்ந்தது. மறுவருடம் கொரோனா வந்து தொடர் நடுவழியில் நின்றது. அந்த வருடம் திறந்த போட்டி நடக்கவே இல்லை. குதிரைகளோ கொரோனாவுக்காகத் தீனி தின்னாமல் இருக்கவில்லை. கடையை மூடிவிட்டு வாடகையும் சம்பளமும் கட்டிய நமக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

குதிரைதான் முதல்

சரி, மூன்று கிண்ணத்தையும் வென்றால் முதலாளிக்கு லாபமா? இல்லை. பரிசுப் பணத்துக்காக யாரும் அணி வைத்திருப்பதில்லை.

மைதானம் 300 யார் நீளம், 160 யார் அகலம். கிட்டத்தட்டப் பத்து ஏக்கர். ஆட்டத்தை 'சக்கர்' என்று பிரிக்கிறார்கள். ஒரு சக்கர் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். அமெரிக்காவின் மேல்மட்டப் போட்டிகளில் ஆறு சக்கர். ஒரு குதிரையை ஒரு சக்கருக்கு மேல் தொடர்ந்து ஓட்டமாட்டார்கள். ஏழு நிமிடத்தில் அது தனது முழுப் பலத்தையும் கொட்டிவிடும். ஆகவே ஒரு வீரனுக்கு ஆறு, எட்டு, பத்துக் குதிரைகள். சில வேளை சக்கரின் நடுவிலேயே ஓடிவந்து வேறு குதிரைக்குத் தாவுவார்கள். குதிரைகளுக்கு ஆட்கள், லாடம் அடிப்பவர், மிருக வைத்தியர், லொறி, தீனி. வீரர்களுக்கும் சம்பளம். ஒரு பருவத்துக்கு மேல்மட்ட அணி ஒன்றை நடத்தப் பல மில்லியன் டொலர் போகும்.

குதிரையின் விலைக்கு ஓர் உதாரணம். ஆர்ஜென்டீனாவின் அடோல்போ கம்பியாசோ உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். அவரிடம் 'குவார்தெதெரா' என்ற பெண்குதிரை இருந்தது. அதன் உயிரணுவிலிருந்து விஞ்ஞான முறையில் உருவாக்கிய குட்டி ஒன்று 2010இல் ஏலத்தில் எட்டு இலட்சம் டொலருக்குப் போனது. பிறந்து சில மாதமான குட்டி! 2016இல் அதே ஆர்ஜென்டீனத் திறந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவர் ஒரே குதிரையின் ஆறு நகல்களில் ஏறி விளையாடி வென்றார். இப்படி உயிரை நகல் எடுப்பது சரியா பிழையா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். நான் விலையை மட்டும் பார்க்கிறேன். அமெரிக்கத் தொடரின் மூன்று கிண்ணங்களுக்கும் உரிய பரிசு சேர்ந்து ஐந்து இலட்சம். ஒரு குட்டியின் விலை எட்டு இலட்சம்.

மருமகன் சொன்னதன் அர்த்தம் இதுதான். லாபம் இருப்பது லாயத்தில். நல்ல குதிரையை வளர்த்து, பழக்கி, பெரிய போட்டியில் ஓடவைத்து, அதன் பெயரை உயர்த்தி, அதன் குட்டிகளை விற்கத் தெரிந்தவன் சம்பாதிக்கிறான். கிண்ணம் அவனுக்குக் கடையின் பெயர்ப்பலகை மாதிரி. பலகை அவசியந்தான். ஆனால் உள்ளே சாமான் இருக்கவேண்டும்.

நான் ஓட்டிய குதிரை

எனது கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கமுடியாது.

வாப்பா கம்பளையில் வைத்த புடைவைக் கடையைத்தான் நான் நடத்துகிறேன். 2010ஆம் ஆண்டு, யுத்தம் முடிந்து பாதைகள் திறந்து, எல்லோரும் விரிவுபடுத்திய காலம். நோன்புப் பெருநாளுக்கு முன் நாவலப்பிட்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் இரண்டு கிளைகளை ஒரே மாதத்தில் திறந்தேன். ஒரு பருவத்தில் மூன்று கடை. எனக்கும் மூன்று கிண்ண ஆசைதான். புறக்கோட்டையில் பெயர் இருந்தது. பின்திகதியிட்ட காசோலைக்குச் சாமான் கேட்டபடி கிடைத்தது.

எங்கள் கடையில் வாப்பா காலத்திலிருந்து ஒரு நானா இருந்தார். துணியைக் கையால் தொட்டே தரம் சொல்வார். எந்த வாடிக்கையாளரின் மகளுக்கு எப்போது கலியாணம் என்பதும் அவருக்குத் தெரியும். திறப்பு விழாவுக்கு முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தம்பி, கடை மூணு இரிக்கு. ஆள் மூணு செட் இரிக்கா?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நீங்க இரிக்கீங்களே நானா" என்றேன். அவரை உயர்த்திப் பேசியதாக அன்று நினைத்தேன். உண்மையில் அவர் முதுகில் மூன்று கடையை ஏற்றினேன்.

காலையில் கம்பளை. லுஹருக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டை. ஒருநாள் விட்டு ஒருநாள் நாவலப்பிட்டி. தராவீஹ் தொழுதபின் நள்ளிரவு தாண்டியும் சாமான் பிரித்து விலை ஒட்டும் வேலை. நோன்போடு பஸ்ஸில் ஓடினார். நோன்பு இருபத்தேழாம் இரவு, களஞ்சிய அறையில் துணி மூட்டைகளுக்கிடையில் விழுந்துகிடந்தார். கடைப் பையன்தான் கண்டான். ஆஸ்பத்திரியில் சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் கண்டபடி ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். காலையில் போய்ப் பார்த்தேன். கண் திறந்து என்னிடம் கேட்டார்: "தம்பி, நேற்று யாவாரம் எப்படி?"

அவர் உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கடைக்குப் பழையபடி வரவில்லை. பெருநாள் முடிந்ததும் கிளைகளில் வியாபாரம் விழுந்தது. நல்ல ஆட்களைப் பிரித்து அனுப்பியதால் தாய்க்கடையிலும் விழுந்தது. டிசம்பரில் வாப்பாவின் கடைப் பெயரில் முதன்முதலாக ஒரு காசோலை திரும்பியது. மனைவியின் காணித் துண்டு ஒன்றை விற்றுத்தான் பெயரைக் காப்பாற்றினேன். இரண்டு வருடத்துக்குள் இரண்டு கிளையும் மூடியாயிற்று.

நான் சந்தையைக் குறை சொன்னேன். வட்டியைக் குறை சொன்னேன். டுபாயில் அந்தக் குதிரைகளைப் பார்த்த நாளில்தான் எனது குறை எனக்குத் தெரிந்தது. கோடி கோடியாய்ப் பணம் வைத்திருப்பவன்கூட ஒரு குதிரையை ஏழு நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டுவதில்லை. அதற்கு மேல் ஓட்டினால் ஆட்டமும் போகும், குதிரையும் போகும் என்று அவனுக்குத் தெரியும். நான் ஒரு மனிதரை ஒரு மாதம் முழுக்க ஓட்டினேன்.

இருபத்திரண்டுக்குள் அணி

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் 'ஹேண்டிகெப்' என்று ஒரு தரப்புள்ளி உண்டு. மிகக் குறைந்தது கழித்தல் இரண்டு, மிகக் கூடியது பத்து. உலகிலேயே பத்துப் புள்ளிக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அமெரிக்கத் தொடரில் ஓர் அணியின் நான்கு பேருடைய புள்ளிகளும் சேர்ந்து 22ஐத் தாண்டக்கூடாது.

எவ்வளவு பணம் இருந்தாலும் இரண்டு பத்துக்காரரை எடுத்தால் மிஞ்சுவது இரண்டுதான். மற்ற இருவரும் அந்த இரண்டுக்குள் அடங்கவேண்டும். ஆகவே கெட்டிக்கார முதலாளி தேடுவது பெரிய பெயரை அல்ல. தாளில் இரண்டு என்று இருந்து, மைதானத்தில் நான்கு போல் விளையாடும் இளைஞனைத் தேடுகிறார். கிண்ணத்தை வெல்லவைப்பவன் பெரும்பாலும் அவன்தான். மறுபருவம் அவனுடைய புள்ளியை உயர்த்திவிடுவார்கள். அப்போது கூட்டுத்தொகை 22ஐத் தாண்டும். அணியைக் குலைத்துத் திரும்பக் கட்டவேண்டும். பையனைப் பழக்கி ஆளாக்கினால் அவன் சம்பளம் உயர்த்திக் கேட்பான், இல்லாவிட்டால் தனிக்கடை போடுவான் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அது நமக்கு மட்டும் உள்ள சோதனை அல்ல. அடுத்த பையனை இப்போதே பழக்கத் தொடங்குவதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணம் போடும் முதலாளி பல அணிகளில் தானும் ஒருவராக விளையாடுகிறார். நான்கு பேரில் ஆகக் குறைந்த புள்ளி பெரும்பாலும் அவருக்குத்தான். எல்லோருக்கும் சம்பளம் கொடுப்பவர் அவர். ஆனால் மைதானத்தில் அவர்தான் கடைசி ஆள். நல்ல முதலாளி தனக்குச் சொன்ன எதிராளியை மறித்துக்கொண்டு, பந்தைப் பத்துப் புள்ளிக்காரருக்கு விட்டுவிடுவார். பணம் என்னுடையது, ஆகவே பந்தும் என்னுடையது என்று ஓடுபவரின் அணி முதற் சுற்றிலேயே வீட்டுக்குப் போகும். நமது கடைகளில் எத்தனை பேர் கணக்காளருக்குக் கணக்கும், விற்பனையாளருக்கு விற்பனையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

ஆர்ஜென்டீனாவில் லா டொல்பினா அணி 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று வருடம் மும்மகுடத்தை வென்றது. கம்பியாசோவும் மற்ற மூவரும் 2011இலிருந்து ஒன்றாக விளையாடியவர்கள். நால்வரும் பத்துப் புள்ளிக்காரர்கள். அங்கே 22 என்ற எல்லை கிடையாது. ஒவ்வொருவரும் தனியாகவே பெரிய ஆள். இருந்தும் பல வருடம் பிரியாமல் நின்றார்கள். இரண்டு வருடத்தில் உடையும் நமது பங்குவியாபாரங்களை இதனோடு வைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

இருபத்தொரு குதிரைகள்

இந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 2009 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. அதே வெலிங்டனில், அமெரிக்கத் திறந்த போட்டியில் விளையாட 'லெச்சுசா கரகாஸ்' அணி வந்தது. வெனிசுவேலா நாட்டு வங்கியாளர் ஒருவரின் அணி. ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னர் குதிரைகள் தள்ளாடி விழத் தொடங்கின. மிருக வைத்தியர்கள் ஓடிவந்தும் பலன் இல்லை. மொத்தம் 21 குதிரைகள் இறந்தன.

யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பேசினார்கள். விசாரித்துப் பார்த்தால் பகையும் இல்லை, சதியும் இல்லை. களைப்புத் தீர்க்கக் கொடுக்கும் ஒரு விற்றமின் ஊசிமருந்து. வெளிநாடுகளில் பாவனையில் உள்ள அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. ஆகவே அதே மாதிரி செய்து தரும்படி ஒரு மருந்தகத்திடம் ஓடர் கொடுத்திருந்தார்கள். கலக்கும்போது ஒரு பொருளின் அளவு பிழைத்துவிட்டது. இறந்த குதிரைகளின் உடலில் செலேனியம் என்ற கனிமம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. சிறிதளவு உடம்புக்குத் தேவையான பொருள்தான். அளவு மீறியதால் அதுவே நஞ்சாயிற்று.

எத்தனை மில்லியன் போட்டுக் கட்டிய அணி! ஒரு நிறுவைப் பிழையில் ஒரு பகல் பொழுதில் போய்விட்டது. அசல் கிடைக்காத இடத்தில் "அதே மாதிரி" என்று வாங்கினால், அந்த மாதிரியைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவருக்கும் உண்டு. ஒரு பெருநாளுக்கு, அதே தரம், விலை குறைவு என்று ஒருவர் சொன்னதை நம்பி நானும் சாரம் இறக்கினேன். ஒன்றை நனைத்துப் பார்க்கவில்லை. பெருநாள் தொழுகைக்கு வெள்ளைச் சட்டையோடு அதை உடுத்திப் போனவர்கள், அடுத்த நாள் சாயம் ஏறிய சட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வந்து கேட்டவர்களுக்குக் கொடுக்கமுடிந்தது. கேட்காமலேயே வேறு கடைக்குப் போனவர்களுக்கு என்ன கொடுப்பது?

கடைசியாக

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் உண்டு. எனது மூத்த மகன் இப்போது கடையில் இருக்கிறார். நன்றாகச் செய்கிறார். சென்ற மாதம் என்னிடம் வந்து, "வாப்பா, கண்டியில் ஒரு இடம் வந்திரிக்கு. இன்னொரு கடை போடுவோம்" என்றார். பழைய காயத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வது எனக்கு இலகு. ஆனால் அது நியாயமில்லை. ஓடாத குதிரையும் தீனி தின்னும். வியாபாரம் என்றால் வளரத்தான் வேண்டும். பைலட் அணி மூன்றையும் வென்றதுதானே! மூன்றையும் ஆசைப்பட்டது பிழை அல்ல. மூன்றுக்கும் வேண்டிய குதிரை இல்லாமல் ஆசைப்படுவதுதான் பிழை.

ஆகவே மகனிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். புதிய கடை ஆறு மாதம் ஒரு சதமும் தராவிட்டால், தாய்க்கடையின் காசோலைகள் திரும்பாமல் இருக்குமா? இங்கிருந்து ஒருவரையும் பிடுங்காமல் அங்கே நிற்கப் பழகிய ஆட்கள் யார்? நீயும் நானும் ஒரு வாரம் படுக்கையில் விழுந்தால் இரண்டு கடையும் யார் கையில்?

முதற் கேள்விக்குத் தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். பரவாயில்லை. மற்ற இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை. இப்போது இரண்டு பையன்களைக் கூடவே வைத்துத் துணியின் தரம் பார்க்கப் பழக்குகிறார். கண்டி இடத்தை வேறு யாரும் எடுத்துவிடலாம். எடுக்கட்டும். இடம் இன்னொன்று வரும்.

அந்த நானா இப்போது நம்மிடையே இல்லை. அவர் மௌத்தாவதற்கு முன் ஒருநாள் வீட்டுக்குப் போய், நான் செய்தது பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பழைய கதை தம்பி, தேத்தண்ணி குடிங்க" என்றார். அவர் மன்னித்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது. இந்தப் பெருநாளைக்குக் கடை விரிக்க நினைக்கும் சகோதரர்களே, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முதல்நாள் அந்தக் கேள்வியை உங்களிடமும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். கடை எத்தனை என்பதை ஊர் எண்ணும். ஆள் எத்தனை செட் என்பதை முதலாளிதான் எண்ணவேண்டும்.